நாப்பத்திமூணு பேரு

வாங்க, வாங்க. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. காப்பி நானே போட்டது, கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா, நம்ம வீட்டுல வேலை செய்யுதவ வர மாட்டா. சங்கத்துல அப்படிச் சட்டம். கேட்டா, “பேச்சியக்கா வாங்கிக் குடுத்த லீவு டீச்சரம்மா”ங்கா. என்கிட்டயே சொல்லுதா பாருங்க.

பேச்சித்தாயோட வாழ்க்கையப் புஸ்தகமா எழுதப் போறதா போன்ல சொன்னீங்க. நல்ல காரியம். வீட்டு வேலை செய்யுத பொம்பளைகளுக்குன்னு பாளையங்கோட்டையில முதல்ல சங்கம் வச்சவ அவதான். கவுன்சிலரா இருந்தவ. மெட்ராஸ்ல மந்திரி முன்னால போய் நின்னு பேசினவ. எழுத வேண்டியதுதான். நீங்க மதுரையிலேருந்து வந்து விசாரிச்சிருப்பீங்க, எல்லாரும் ஒண்ணு போல சொல்லியிருப்பாங்க: “பாகீரதி டீச்சரப் பாருங்க, பேச்சிக்கு பின்லாந்துக் கதையச் சொல்லிக் கண்ணத் தொறந்து விட்டது அவங்கதான்.” அப்படித்தானே?

அதச் சொல்லுதேன். ஆனா அதோட எந்திரிச்சிப் போயிடக் கூடாது. முழுசும் கேட்டுட்டுத்தான் போகணும். இன்னொருக்கா சொல்ல எனக்குத் தைரியம் வருமோ என்னமோ.

எம்பத்திரெண்டுல நடந்தது. நான் அப்ப ஹைஸ்கூல்ல வரலாறு எடுத்துக்கிட்டிருந்தேன். நாப்பத்தோரு வயசு. ஊர்ல மாதர் சங்கம் ஒண்ணு உண்டு. டாக்டர் வீட்டம்மா, வக்கீல் வீட்டம்மா, எல்லாம் அந்த மாதிரி ஆட்கள். எங்க ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் வீட்டம்மாதான் தலைவி. நான் செயலாளர். மார்ச் எட்டு பெண்கள் தினத்துக்கு வருஷா வருஷம் கூட்டம் போடுவோம். பேச்சு இருக்கும், சுண்டல் இருக்கும், போட்டோ இருக்கும். அந்த வருஷம் நான் பேசணும். லைப்ரரியில தேடினதுல ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் அகப்பட்டுது. அதுலதான் பின்லாந்து.

அந்த ஊர்ல ஆயிரத்தித் தொளாயிரத்தி ஆறுலயே பொம்பளைகளுக்கு ஓட்டு. ஓட்டு மட்டுமில்ல, எலக்‌ஷன்ல நிக்கவும் உரிமை. அடுத்த வருஷமே பத்தொம்பது பொம்பளைங்க பார்லிமெண்டுல போய் உக்காந்துட்டாங்க. அதுல ஒருத்தி வீட்டு வேலைக்காரியா இருந்தவ. ஏழைக் குடியானவன் வீட்டுல பொறந்து, பன்னெண்டு வயசுல பஞ்சாலைக்குப் போயி, பொறவு பட்டணத்துல போய் வீட்டு வேலை பாத்து, வேலைக்காரப் பொம்பளைகளையெல்லாம் சேத்து சங்கம் வச்சவ. பின்னால மந்திரியே ஆயிட்டா. இதையெல்லாம் நான் மைக் முன்னால நின்னு உருகி உருகிப் பேசினேன். பேசி முடிச்சா, கைதட்டு அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு.

சுண்டல் வாளியத் தூக்கிக்கிட்டு பேச்சி வந்திருந்தா. எல்லாருக்கும் விளம்பிட்டு, வாசல் நிலைய ஒட்டி நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. நாற்காலி கிடந்துது. நான் உக்காரக் கூடாதுன்னு சொல்லல. அவளா உக்கார மாட்டா. மரியாதை தெரிஞ்சவ.

அப்ப அவளுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். புருஷன் பம்பாய்க்குப் போறேன்னு போனவன், போனவன்தான். ஒரு பொம்பளைப் பிள்ளை. அது பேரு... பாத்தீங்களா, வாயில வரல்ல. எங்க புறவாசல்லதான் விளையாடிக்கிட்டுக் கிடக்கும். என்னமோ ஒரு பேரு. பேச்சிய நான் மக மாதிரித்தான் நினைச்சேன். அவளுக்குன்னு தனியா ஒரு தட்டு, ஒரு டம்ளர், புறவாசல் மாடத்துல இருக்கும். அத வேற யாரும் தொட மாட்டோம்.

மறுநா காலையில பாத்திரம் தேய்க்கையில கேட்டா. “டீச்சரம்மா, நேத்து சொன்னீங்கல்லா, அந்த வேலைக்காரம்மா. அவங்களுக்கு எழுதப் படிக்க யாரு சொல்லிக் குடுத்தா?”

எனக்கு ஒரே பெருமை. சொன்னேன். அதுலேருந்து தினமும் ஒரு கேள்வி. “அங்க பனி கொட்டுமாமே, தண்ணி உறைஞ்சி கிடந்தா பாத்திரம் எப்படிக் கழுவுவாங்க?” “சங்கம்னா முதல்ல எத்தனை பேரு வந்தாங்க?” “லீவு உண்டா அவங்களுக்கு?” நானும் புஸ்தகத்தத் திரும்ப லைப்ரரியிலேருந்து எடுத்து வச்சுக்கிட்டு, தோசை ஊத்திக்கிட்டே பதில் சொல்லுவேன். ஒரு நாள் கேட்டா: “அந்தம்மா வேலை பாத்த வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க? சும்மாவா இருந்தாங்க?” புரட்டிப் பாத்தேன். “அது புஸ்தகத்துல இல்ல பேச்சி”ன்னேன்.

ஸ்டாஃப் ரூம்ல இத வேடிக்கையாச் சொல்லுவேன். “எங்க வீட்டு வேலைக்காரிக்கு பின்லாந்துல போய்க் குடியேறணுமாம்.” எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். இப்ப உங்ககிட்டச் சொல்லயில சிரிப்பு வரல்ல.

ஆகஸ்ட் மாசம் இருக்கும். ஒரு நாள் தொடப்பத்தச் சுவத்துல சாத்தி வச்சுட்டு முன்னால வந்து நின்னா. “டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வேலை வேண்டாம்னு எல்லார்கிட்டயும் கேக்கலாம்னு இருக்கோம்.”

“இருக்கோம்னா? யாரு யாரு?”

“நாங்கதான். வேலைக்குப் போறவங்க.”

எனக்குத் திக்குன்னுது. ஆனா நான் படிச்சவ, முற்போக்கு. “உனக்கு வேணும்னா எடுத்துக்கோ பேச்சி. நீ கேட்டா நான் இல்லைன்னா சொல்லப் போறேன்? வெளிய மட்டும் சொல்லிக்கிடாத”ன்னேன்.

“எனக்கு மட்டும்னா வேண்டாம் டீச்சரம்மா”ன்னுட்டா.

எனக்குக் கோவம். இல்ல, கோவம்னு சொல்ல முடியாது. மனசு நோகுது. நான் குடுக்கேன்னு சொல்லுதேன், வாங்கிக்கிட மாட்டேங்கா. அன்னைக்குப் பூரா அவகிட்ட முகங்குடுத்துப் பேசல.

அக்டோபர் கடைசியில ஒரு தாளக் கொண்டாந்தா. நாலா மடிச்ச நோட்டுத் தாள். யாரோ ஸ்கூல் பிள்ளையப் பிடிச்சு எழுதின எழுத்து, கோழி கிண்டின மாதிரி. நாப்பத்திமூணு பேரு. ஒவ்வொரு பேருக்கும் நேரா பெருவிரல் ரேகை. நீல மை. கடைசியில அவ ரேகை.

“சங்கம்னு பதிவு பண்ணணும்னா எழுதிக் குடுக்கணுமாம். எங்கள்ல ஒருத்திக்கும் எழுத்து தெரியாது. நீங்கதான் எழுதித் தரணும்.”

விண்ணப்பத்துக்கு விலாசம் வேணும், எந்தெந்த வீட்டுல வேலை பாக்காங்கன்னும் வேணும்னு நான்தான் கேட்டேன். அவ ஒவ்வொருத்தியா வாயால சொல்லச் சொல்ல நான் குறிச்சுக்கிட்டேன். பூரணம், டாக்டர் வீடு. சொர்ணம், வக்கீல் வீடு. இப்படி நாப்பத்திமூணும். பேச்சி அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. “நம்ம டீச்சரம்மா எழுதித் தாராங்க”ன்னு அவளுக குடியிருக்க வாய்க்கால் கரையில போய்ச் சொல்லியிருக்கா. “ஒரு வாரத்துல எழுதித் தாரேன்”னு சொன்னேன். எழுதவும் உக்காந்தேன். முதல் பாரா எழுதியும் வச்சிருந்தேன், சத்தியமா.

அந்த வாரம் கரஸ்பாண்டன்ட் வீட்டம்மா கார்ல வந்து இறங்கினாங்க. எங்க வீட்டுக்கு அதுக்கு முன்னால வந்ததே இல்ல. ஸ்கூல்ல எச்.எம். அந்த நவம்பரோட ரிட்டையர் ஆறாங்க. அடுத்து யாருங்கது கரஸ்பாண்டன்ட் கையில. எனக்கு சீனியாரிட்டி இருந்துது, ஆனா எனக்கு மேலயும் ஒருத்தங்க இருந்தாங்க.

அவங்க உக்காந்ததும் கேட்டாங்க. “பாகீரதி, வேலைக்காரிக எல்லாம் கூட்டம் போடுதாமே? உன் பேச்சக் கேட்டுத்தான் ஆரம்பிச்சுதாமே? எச்.எம். ஆகப் போறவ நீ. இது உனக்கு நல்லதா?”

“நான் பொதுவா ஒரு சரித்திரம் சொன்னேன். அவ்வளவுதான்”னேன்.

“சரி. யார் யாரு சேந்திருக்கா?”

நான் மேஜையப் பாத்தேன். தாள் அங்கதான் கிடந்துது. அவங்களும் பாத்தாங்க. எடுத்துட்டாங்க.

இப்படித்தான் இவ்வளவு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். தாள் மேஜையில கிடந்துது, அவங்க பாத்துட்டாங்க, நான் என்ன செய்ய முடியும்? கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அப்படி நடக்கல. தாள் பீரோவுக்குள்ள இருந்துது. நான்தான் போய்த் தொறந்து எடுத்தேன். அவங்களுக்கு அந்தக் கிறுக்கல் எழுத்து வாசிக்க முடியல. “தெளிவா எழுதிக் குடேன்”னாங்க. நான் உக்காந்து எழுதினேன். பேரு, அதுக்கு நேரா வீடு. வரிசை நம்பர் போட்டு, அழகா, கோடு போட்டு எழுதினேன். என் கையெழுத்த ஊர்ல எல்லாரும் புகழுவாங்க. எழுதுத வரைக்கும் அவங்க பொறுமையா என் கல்யாண போட்டோவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்துது. அந்தத் தாள் வீடு வீடாப் போச்சு. ஒரே நாளுல பேச்சியத் தவிர நாப்பத்திரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. வருஷம் பூரா உழைச்சவளுக்கு தீபாவளிக்குத்தான் ஒரு சேலை, பிள்ளைகளுக்குப் பலகாரம். எல்லாம் போச்சு. காலையில வேலைக்குப் போனவளுக வெயில் ஏறுததுக்குள்ள திரும்பி, தெருவுல கூட்டங் கூட்டமா நின்னாளுக. நான் மாடி ஜன்னல் வழியாப் பாத்தேன்.

அவளுகளுக்கு ஒண்ணுதான் தெரியும். ரேகை வாங்கிட்டுப் போனது பேச்சி; எழுதித் தாரேன்னு சொன்ன டீச்சரச் சந்தேகப்பட அவளுகளுக்குத் தோணல. அப்ப பேச்சிதான் குடுத்திருக்கணும். சங்கம் சங்கம்னு பேரெல்லாம் வாங்கிட்டுப் போய் வீட்டுக்காரங்ககிட்ட வித்துட்டான்னு பேச்சு. வாய்க்கால் கரையில வச்சு அடிச்சிருக்காங்க. டாக்டர் வீட்டு பூரணம் செருப்பக் கழட்டி அடிச்சாளாம். குடிசையிலேருந்து சட்டி பானைய எடுத்து வெளிய எறிஞ்சாங்களாம். அந்தப் பிள்ளை பாத்துக்கிட்டே நின்னுதாம்.

மறுநா காலையில பேச்சி எப்பவும் வார நேரத்துக்கு வந்தா. உதடு கிழிஞ்சி வீங்கியிருந்துது. புறவாசல்ல நின்னுக்கிட்டு, “டீச்சரம்மா, அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா?”ன்னு கேட்டா.

“இருக்கே”ன்னு சொல்லி எடுத்துக் குடுத்தேன். நாலா மடிச்ச அதே தாள்.

வாங்கிப் பாத்தா. “அப்ப எப்படிப் போச்சு? யாரு எந்த வீடுங்கது கூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கென்ன பேச்சி தெரியும்? உன் கூட்டத்துல எவளாவது போய்ச் சொல்லியிருப்பா. அதுகளை நம்பி இறங்கலாமா?”ன்னேன்.

பட்டியலக் குடுத்ததக் கூட ஒரு மாதிரி சமாதானம் சொல்லிக்கிடலாம். இதுக்கு என்ன சமாதானம்? அடி வாங்கிட்டு வந்து நிக்கா. அடிச்சவளுக மேலயே பழியப் போட்டேன்.

அவ என் முகத்தப் பாத்தா. ரொம்ப நேரம் இல்ல. வீடுகள அவ சொன்னது என் ஒருத்திகிட்ட மட்டும்தான், அதுவும் வாயால. அது எனக்கு அப்ப நினைப்புல இல்ல. அவளுக்கு இருந்திருக்கும். “சரி டீச்சரம்மா”ன்னா.

“நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம் பேச்சி. எனக்கும் சங்கடமா இருக்கு”ன்னு அதையும் சொல்லி முடிச்சேன்.

போயிருவான்னு பாத்தேன். போகல. ராத்திரிப் பாத்திரம் தொட்டியில கிடந்துது. உக்காந்து அவ்வளவும் தேச்சா. கழுவிக் கவுத்தி வச்சா. முந்தானையில கையத் துடைச்சிட்டுப் போனா. அடுத்த மாசம் நான் எச்.எம். ஆனேன்.

காப்பி குடிங்க. என்னத்த, ஆறியே போச்சு. இருக்கட்டும்.

அதுக்குப் பொறவு கொஞ்ச வருஷம் அவ கீரைக் கூடை தூக்கி வித்தா. வேற யாரும் அவளுக்கு வேலை குடுக்கல. எங்க தெருவுக்கும் வருவா. நான் உள்ள இருந்து ‘கீரே’ங்கற குரல் கேட்டா ரேடியோவச் சத்தமா வைப்பேன். மக ஒண்ணாங் கிளாஸ் படிக்கயில அவளும் ஒண்ணாங் கிளாஸ் படிச்சாளாம். மக ரெண்டாங் கிளாஸ், அவளும் ரெண்டாங் கிளாஸ். எட்டாங் கிளாஸ் வரைக்கும் பிள்ளையோட புஸ்தகத்தையே படிச்சிருக்கா. இப்படிப் படிச்சுக்கிட்டிருக்கையிலயே, தன்னை அடிச்சவளுக வீட்டுக்கே சிலேட்டோட போய் உக்காந்திருக்கா. “எழுதப் படிக்கத் தெரியாமத்தான் நாம மாட்டினோம். முதல்ல அதப் படிப்போம். சங்கமெல்லாம் பொறவு”ன்னாளாம். எப்படித்தான் அவளுக வாசல்ல போய் நின்னாளோ. ஒருத்தி ரெண்டு பேருன்னு ஆரம்பிச்சு, எல்லாமாச் சேந்து எட்டு வருஷம். விண்ணப்பத்த அவளே எழுதிக் கொண்டு போய்க் குடுத்து சங்கத்தப் பதிவு பண்ணினா. ஒரு எழுத்துப் பிழை இல்லைன்னு அந்த ஆபீஸ்ல இருந்த என் பழைய மாணவி என்கிட்ட வந்து சொன்னா.

தொண்ணூத்திரெண்டுல, பொங்கல் கழிஞ்சு ஒரு திங்கக்கிழமை, ஊர்ல ஒரு வீட்டுக்கும் வேலைக்கு ஆள் வரல. முந்நூறு பேருக்கு மேல. யாரும் கத்தல, கொடி பிடிக்கல. மைதானத்துல போய் உக்காந்துக்கிட்டு வாய் விட்டு வாசிச்சுக்கிட்டிருந்தாளுக. செவ்வாக்கிழமையும் வரல. கரஸ்பாண்டன்ட் வீட்டுல எச்சிப் பாத்திரம் மலை மாதிரிக் குவிஞ்சி கிடந்துதாம். நானே ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுப் பாத்திரம் தேச்சேன். புதன்கிழமை டாக்டர் வீட்டம்மா போய்ப் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை அரை நாள் லீவு. அது பின்னால முழு நாளாச்சு. நான் என்ன செஞ்சேன்னு கேக்கணுமே. பக்கத்து வீட்டுல போய், “இவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே நான்தான்”னு பெருமை அடிச்சேன்.

தொண்ணூத்தாறுல அவ எலக்‌ஷன்ல நின்னா. ஓட்டுக் கேட்டு எங்க வீட்டுக்கும் வந்தா. பதினாலு வருஷம் கழிச்சு. முன்வாசல் வழியா வந்தா. “உக்காரு பேச்சி”ன்னேன். உக்காந்தா. நீங்க உக்காந்திருக்கீங்கல்லா, அதே நாற்காலி. கூட வந்தவங்கள, “நீங்க அடுத்த வீட்டப் பாத்துக்கிட்டிருங்க”ன்னு அனுப்பிட்டா.

“எனக்குத் தெரியும் டீச்சரம்மா. அன்னைக்கே தெரியும்”னா.

எங்க வீட்டு அவ்வோ, அதான் என் வீட்டுக்காரர், உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாங்க. அவ்வோ காதுல விழுந்திருமோன்னுதான் எனக்கு முதல்ல பட்டுது. மெதுவாக் கேட்டேன். “அப்ப நீ ஏன் சொல்லல? உன்னை அடிச்சாங்களே. டீச்சர்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, அதுக்குப் பொறவு ஒருத்தியும் படிச்சவங்க கையில ஒரு தாளக் குடுக்க மாட்டா. பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட அனுப்ப மாட்டா. எழுத்தே ஆகாதுன்னு போயிருவாளுக. எனக்கு அவளுக படிக்கணும். என்னை அடிச்சா என்ன, ரெண்டு நாளுல ஆறிரும்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “என்னை மன்னிச்சிரு பேச்சி.”

“நான் மன்னிக்க என்ன இருக்கு? நாப்பத்திமூணு பேரு இருக்கோம்லா. ஒரு நாளைக்கு வந்து அவங்க முன்னால நீங்களே சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். நான் பக்கத்துல நிக்கேன். மைக்க நானே பிடிச்சித் தாரேன்.”

“வாரேன்”னு சொன்னேன். ஓட்டும் அவளுக்குத்தான் போட்டேன். ஜெயிச்சா.

அடுத்த வருஷம் சங்கத்தோட ஆண்டு விழா. நோட்டீஸ்ல ‘சிறப்பு விருந்தினர், திருமதி பாகீரதி, தலைமை ஆசிரியை’ன்னு போட்டிருந்துது. போனேன். மண்டபம் நிறைய பொம்பளைங்க. முன் வரிசையில வயசானவளுக. பூரணம் இருந்தா, சொர்ணம் இருந்தா. அந்த நாப்பத்திமூணுல முப்பதுக்கு மேல வந்திருந்தாங்க. அத்தனை பேரும் எனக்காக எந்திரிச்சி நின்னாங்க. பேச்சி பொன்னாடை போட்டுட்டு, மைக்க என் வாய் உயரத்துக்கு இறக்கி, அதப் பிடிச்சுக்கிட்டே பக்கத்துல நின்னா.

சொல்லத்தான் போனேன். முதல் வார்த்தை கூட யோசிச்சு வச்சிருந்தேன். ‘நான் உங்களுக்கு ஒரு துரோகம் செஞ்சேன்.’ வாயத் தொறந்தேன். எல்லாரும் என்னையே பாக்காங்க. ஒரு சத்தமில்ல. அவ்வளவு மரியாதை அந்த முகங்கள்ல. இந்த மரியாதை இன்னும் ஒரு நிமிஷத்துல போயிரும்னு தோணிச்சு.

“தூரதேசத்துல பின்லாந்துன்னு ஒரு நாடு”ன்னு ஆரம்பிச்சிட்டேன்.

பழைய பேச்சு. வரிக்கு வரி. பத்தொம்பது பொம்பளைங்க, அதுல ஒரு வேலைக்காரி, சங்கம், மந்திரி. கடைசியில, “அந்த விதைய இந்த மண்ணுல நான் போட்டேன், பேச்சித்தாய் மரமா வளந்து நிக்கா”ன்னு முடிச்சேன். கைதட்டினாங்க. எல்லாருந்தான் தட்டினாங்க. பேச்சியும் மைக்க விட்டுட்டுத் தட்டினா. கீழ இறங்கயில, படி தடுக்கிருமோன்னு என் கையப் பிடிச்சி இறக்கி விட்டா. ஒண்ணும் கேக்கல. அதுக்குப் பொறவு அவ எங்க வீட்டுக்கு வரவும் இல்ல, என்னை எதுக்கும் கூப்பிடவும் இல்ல. வழியில பாத்தா, “சௌக்கியமா டீச்சரம்மா?”ன்னு கேப்பா. அவ்வளவுதான்.

போன மாசம் கிட்னி போயி இறந்துட்டா. பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பாத்திருப்பீங்க. நான் மாலை வாங்கிட்டுப் போனேன். கூட்டத்துல கிட்டப் போக முடியல. மாலைய யாரோ கைமாத்தி வாங்கிக்கிட்டாங்க.

பதினாறாம் நாள் கழிஞ்சதும் மனசு கேக்கல. அவகிட்டச் சொன்ன வாக்க இனிமே யார்கிட்டக் காப்பாத்த? விசாரிச்சு பூரணம் வீட்டுக்குப் போனேன். எம்பது வயசு ஆகியிருக்கும். மகன் வீட்டுல இருக்கா. கட்டில்ல உக்காந்து சிறுவர்மலர் வாசிச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும், “வாங்க டீச்சரம்மா”ன்னு எந்திரிக்கப் பாத்தா. நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். “பூரணம், அந்தத் தீபாவளிக்கு உங்க பட்டியலக் குடுத்தது நான்தான்.”

அவ தலகாணிக்கு அடியிலேருந்து ஒரு பர்ச எடுத்தா. அதுக்குள்ளேருந்து பிளாஸ்டிக் கவர்ல போட்ட ஒரு தாள். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சி, ஒட்டிப் போட்டிருக்கு. வாங்கிப் பாத்தேன். என் எழுத்து. வரிசை நம்பர் போட்டு, கோடு போட்டு. திருப்பிப் பாத்தா, பின்னால காலாண்டுத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பு, வரலாறு. கையில அகப்பட்ட கேள்வித்தாள்ல எழுதியிருக்கேன். அது கூட அன்னைக்கு எனக்கு உறைக்கல.

“டாக்டர் வீட்டம்மா என்னை நிறுத்தினப்ப இந்தத் தாளக் காட்டி, ‘இந்தா பாரு, ஏழாவதா உன் பேரு’ன்னு மூஞ்சில விட்டெறிஞ்சாங்க. எடுத்துட்டு வந்துட்டேன். என் பேர எழுதி நான் பாத்த முதத் தாள் இதுதான் டீச்சரம்மா. தூரப்போட மனசு வரல. பொறவு பேச்சி சிலேட்டோட வந்து சொல்லிக் குடுத்தால்லா, எழுத்துக் கூட்டி வாசிக்கப் படிச்சதும், முதல்ல இதத்தான் எடுத்தோம். நாங்க ஏழெட்டுப் பேரு சுத்தி உக்காந்து, முன்பக்கம் வாசிச்சு, பின்பக்கமும் வாசிச்சோம். எந்த ஸ்கூலு, என்ன பாடம்னு போட்டிருந்துது. அப்பத்தான் தெரிஞ்சுது. நான் பேச்சி கால்ல விழுந்து அழுதேன். நான் அவளச் செருப்பால அடிச்சவல்லா.”

“அப்ப தொண்ணூத்திரெண்டுக்கு முன்னாலயே...”

“ஆமா. எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுல வந்து கேப்போம்னு கிளம்பினோம். பேச்சிதான் தடுத்துட்டா. ‘அவங்களா சொல்லுவாங்க. அது வரைக்கும் ஒருத்தியும் கேக்கக் கூடாது’ன்னா. பொறவு ஆண்டு விழாவுக்கு உங்களக் கூப்பிட்டிருக்குன்னு சொன்னா. அன்னைக்கு நாங்க அத்தனை பேரும் வேலையப் போட்டுட்டு ஏன் வந்தோம்னு நினைக்கீங்க? நீங்க சொல்லுவீங்கன்னு. சொன்னதும் எந்திரிச்சு வந்து உங்க கையப் பிடிச்சுக்கிடணும்னு பேசி வச்சிட்டு வந்து உக்காந்திருந்தோம்.”

எந்திரிச்சு நின்னாங்களே, ஒரு சத்தமில்லாமப் பாத்துக்கிட்டிருந்தாங்களே, அது இதுக்குத்தான். நான் மரியாதைன்னு நினைச்சேன்.

“அப்ப ஏன் பூரணம் கைதட்டினீங்க?”ன்னு கேட்டேன்.

“நீங்க திணறினது எங்களுக்குத் தெரிஞ்சுது. பேச்சி தட்டினா. நாங்களும் தட்டினோம். பாவமா இருந்துது”ன்னா.

நாப்பத்திமூணு பேர வேலைய விட்டு நிறுத்தினவ நான். அவளுக என்னைப் பாத்துப் பாவப்பட்டிருக்காளுக. அந்தத் தாள எனக்குத் தந்திருன்னு கேட்டேன். கிழிச்சிப் போடணும்னு நினைச்சேனோ என்னமோ, அதையும் மறைக்க வேண்டாம். “அது எங்க பேரு டீச்சரம்மா”ன்னு வாங்கி உள்ள வச்சுக்கிட்டா.

நீங்க இப்பக் கிளம்பி பூரணம் வீட்டுக்குப் போங்க. வழி சொல்லுதேன். கேட்டா காட்டுவா. போட்டோ எடுத்து, ரெண்டு பக்கத்தையும் புஸ்தகத்துல போடுங்க. நான் பேச்சிக்குச் சொல்லிக் குடுத்தவன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கு, அத வேணா எழுதிக்கிடுங்க. அதுக்கு அடுத்த வரியில, காட்டிக் குடுத்ததும் நான்தான்னு எழுதுங்க. ‘ஒரு ஆசிரியை’ன்னு மொட்டையாப் போடாதீங்க. என் பேரப் போட்டு எழுதுங்க.